பி.எஸ்.ஏ. பரிசோதனை: ரத்தம் எடுக்கும் முன் சொல்லுங்கள்



ஹைதராபாத் குகட்பள்ளியில் மெட்ரோ தூண்களை ஒட்டி எங்கு திரும்பினாலும் 'முழு உடல் பரிசோதனை' விளம்பரம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள்ளேயே வந்து முகாம் போடுகிறார்கள். ஐம்பது தாண்டிய ஆண் என்றால் சர்க்கரை, கொழுப்போடு பி.எஸ்.ஏ.வும் பேக்கேஜில் சேர்ந்துவிடுகிறது. புராஸ்டேட் புற்றுநோய் இருக்கலாமோ என்று கோடிகாட்டும் ரத்தப் பரிசோதனை அது. எதற்கு எடுக்கிறார்கள், அளவு கூடினால் அடுத்து என்ன என்று யாரும் சொல்வதில்லை. இது கண்டிக்கத்தக்கது.

எங்கள் குடியிருப்பில் 76 வயதுப் பெரியவர் ஒருவர் சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலில் கிடந்து எழுந்த மறுவாரமே முகாமுக்குப் போனார். ரத்தம் எடுத்த பையன் எதையும் விசாரிக்கவில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்: பி.எஸ்.ஏ. 7.1, தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. கையோடு போனும் வந்தது: "சார், உடனே ஸ்கேன், பயாப்ஸி பண்ணிடணும்." அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தொற்று இருந்தாலும் இந்த அளவு ஏறும், வயதாகிச் சுரப்பி பெருத்தாலும் ஏறும். குடும்ப மருத்துவர் பொறுத்திருக்கச் சொன்னார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 3.2.

மருத்துவர்களே இதில் ஒருமித்த கருத்தில் இல்லை. 1970-இல் பி.எஸ்.ஏ.வைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்ளின், அதை எல்லா ஆண்களுக்கும் செய்வதை எதிர்த்து 2010-இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் சொன்னது: 55 முதல் 69 வயது வரை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவெடுக்கலாம், 70-க்கு மேல் வேண்டாம். மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எலும்புவரை பரவிய பிறகு வரும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து நொந்த நம் மருத்துவர்கள் 'முன்பே பாருங்கள்' என்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வு ஒன்றின் 23 ஆண்டுக் கணக்கிலும், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே புராஸ்டேட் புற்றுநோய் மரணம் 13 விழுக்காடு குறைந்திருக்கிறது.

கண்டுபிடித்தால் உடனே கத்திதானா? பிரிட்டனில் இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 1,643 பேரை மூன்றாகப் பிரித்து ஒரு பகுதியினருக்கு அறுவை, இன்னொரு பகுதியினருக்குக் கதிர்வீச்சு, மற்றவர்களுக்குக் கண்காணிப்பு என்று 15 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. எந்தப் பிரிவிலும் ஏறக்குறைய 97 விழுக்காட்டினர் அந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அறுவைக்குப் பின் சிறுநீர் கசிவும் ஆண்மைக் குறைவும் பலருக்கு வாழ்நாள் துன்பமாகிவிடுகின்றன. மனைவியிடம்கூடச் சொல்லாமல் புழுங்கும் துன்பம் அது. கண்காணிப்பு என்றொரு வழி இருக்கிறது என்பதே முகாமுக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது.

தெலங்கானா சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள்கள் இவை. பி.எஸ்.ஏ.வைப் பேக்கேஜிலிருந்து பிரியுங்கள். நோயாளியிடம் மருத்துவர் ஒருவர் பேசி, சம்மதம் பெற்ற பிறகே ரத்தம் எடுக்க வேண்டும் என்று ஆணையிடுங்கள். எழுபது கடந்தவர்களை முகாமில் வைத்துச் சோதிப்பதை நிறுத்துங்கள். நகரின் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையான எம்.என்.ஜே. வழியாகத் தெலுங்கிலும் உருதுவிலும் எளிய கையேடு ஒன்றை வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், குகட்பள்ளி, ஹைதராபாத்