வாந்தியைத் தேடுறீங்களே, அந்த ஈரலைப் பார்த்தீங்களா?

பி.காம் படிக்கிறவனுக்குத் திமிங்கிலத்தின் குடலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் மக்களே. ஸ்டாக் எடுக்காமல் குடோனைப் பூட்டினால் எங்களுக்குக் கோபம் வரும், அவ்வளவுதான்.

நம்ம ஊர்க் கடற்கரையில் திமிங்கிலம் செத்து ஒதுங்கினால் என்ன நடக்கிறது? கூட்டம், செல்ஃபி, ஜேசிபி, குழி. நடுவில் ஒருத்தர் "வாந்தி இருக்குமா? கோடிக்கணக்கில் போகுமாமே" என்பார். அய்யா, அம்பர் என்பது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உருவாகிற சமாச்சாரம். பல்லுக்குப் பதில் வாயில் சல்லடை வைத்திருக்கும் நீலத் திமிங்கிலத்திடம் அது கிடையாது. ஸ்பெர்ம் திமிங்கிலமே ஒதுங்கினாலும், அம்பரை எடுத்து விற்றால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும்.

சல்லடைக்காரரிடம் இருப்பது வேறு சரக்கு. தட்டைப்புழு. ஆட்டு ஈரலில் இலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். ஈரலின் பித்தநாளத்தில் குடியிருக்கும் ஒன்றுக்கு 1858-லேயே வான் பெனடன் என்ற பெல்ஜியத்துக்காரர் 'கோலியாத்' என்று பெயர் வைத்துவிட்டார். குடலில் இருப்பது ஓக்மோகாஸ்டர். அடிப்பக்கம் உழுத வயல் மாதிரி வரிவரியாக இருக்கும். ஆட்டுப் புழு நத்தைக்குள் வளர்ந்து, புல்லில் ஒட்டி, ஆட்டு வயிற்றுக்குப் போகிறது என்பது 1880-களிலேயே தெரிந்த கதை. இந்தத் திமிங்கிலப் புழுக்கள் எந்தெந்தப் பிராணி மாறி உள்ளே போகின்றன என்ற முழுக்கதை இன்றுவரை தெரியாது!

ஏன் தெரியாது? பழைய தகவலில் கணிசமான பகுதி வேட்டையாடிய திமிங்கிலங்களை அறுத்துப் பார்த்து எழுதியது. 1986-லிருந்து வணிக வேட்டைக்குத் தடை. நல்லதுதான், நான் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் பெரிய வாய்ப்பு தானாகச் செத்து ஒதுங்குவதுதான். அதைத்தான் மண்ணைப் போட்டு மூடுகிறோம்.

எங்கள் வண்டலூர் பூங்காவில் ஒரு மான் செத்தாலும் பிரேதப் பரிசோதனை கட்டாயம், விதி அப்படி. கடற்கரைக்கும் கால்நடை டாக்டர் வந்து அறுப்பதுண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரிடம் கேட்கப்படுவது சாவுக்குக் காரணம் மட்டும். பெரும்பாலும் புழு கொல்வதில்லை. அதனால் அது கணக்கிலேயே வருவதில்லை. சாப்பாட்டு வழியாக உள்ளே போகிற புழுவிடம் அந்தத் திமிங்கிலம் எங்கே மேய்ந்தது, என்ன தின்றது என்பதற்குத் துப்பு இருக்கிறது. கரையில் நின்று வேறு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

"நாறுது தம்பி, உடனே புதைக்கணும்" என்பார்கள். உண்மை. கொழுப்புப் போர்வை சூட்டை வெளியே விடாது, உள்ளே சீக்கிரம் அழுகிவிடும். முழுசாக அறுக்க வேண்டாம். கையளவு ஈரல், ஒரு முழம் குடல், ஸ்பிரிட் ஊற்றிய இரண்டு பாட்டில். ஜேசிபி வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எழும்பூர் மியூசியத்தில் வாயைப் பிளந்து பார்க்கிறோமே, அந்த மாதிரி எலும்பைப் பத்து வருஷம் கழித்துத் தோண்டினாலும் எடுக்கலாம். ஈரலை இரண்டு நாள் கழித்து எடுக்க முடியாது.