வட்டம் போட்டால் போதுமா?

வேடந்தாங்கல் பறவைகளைக் காக்கும் உரிமையை, ஊர்க்காரங்க கேட்டதால் 1798-லேயே கலெக்டர் பிளேஸ் எழுத்துல கொடுத்தார். ஊருக்கு இதில் லாபமும் உண்டு: எச்சம் கலந்த ஏரித்தண்ணி மதகு வழியா வயலுக்கு வந்தா அதுவே உரம்.

இன்று அந்த ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வட்டம் சரணாலயம். 2020-ல் அதை 3 கி.மீ. ஆக்கும் யோசனை வந்து, எதிர்ப்பும் கிளம்பியது. 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சந்தோஷம்தான். ஆனா நத்தைகுத்தி நாரை வட்டத்தைப் பார்த்தா இரை தேடுது? அக்கம்பக்கத்து ஏரி, நெல்வயல் எல்லாம் அதுக்கு மேய்ச்சல் நிலம். அங்கே தெளிக்கிற விஷம், நத்தை வழியா கூட்டுல இருக்கிற குஞ்சுக்கே போகுது.

தண்ணியும் அப்படித்தான். கிளியாறு மதுராந்தகம் ஏரிக்கு வந்து, பிறகு பாலாற்றில் சேருது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் கலக்குது. மேலே மணலை அள்ளி, நீரை மறிச்சா, கீழே கடல்நீர் ஏறிக் கிணறு உப்பாகும். முகத்துவாரத்தில் மீன்குஞ்சும் குறையும். மாமல்லபுரம் கரைக்கு முட்டையிட வர்ற பங்குனி ஆமைகளோட கதியும் தெரிஞ்சதே. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின.

சரணாலயம் வனத்துறைக்கு, ஏரியும் ஆறும் நீர்வளத்துறைக்கு, மீன்பிடிப்பு மீன்வளத்துறைக்கு. வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்றேன்: ஒவ்வொரு கிளையின் கணக்கும் சரியா இருந்தாலும், கிளைகளுக்கு இடையிலான கணக்கு ஒத்துப்போகலைன்னா மொத்தக் கணக்கும் தப்புதான். 2030-க்குள் நிலம், நீர்நிலை, கடல் ஒவ்வொன்றிலும் 30 விழுக்காட்டைக் காக்கணும் என்று 2022-ல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டபோது, அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கணும் என்றும் சேர்த்தே எழுதினார்கள். ஏரி, வாய்க்கால், ஆறு, முகத்துவாரம், கடல் எல்லாத்துக்கும் ஒரே திட்டம் வேணும்.

"பட்டா நிலத்துல கை வெச்சிடுவாங்களே" என்ற பயம் நியாயமானது. அதனால்தான் திட்டம் போடும்போதே விவசாயியும் மீனவரும் உட்காரணும். நிலத்தை எடுக்க வேண்டியதில்லை. வாய்க்கால் ஓர வயல்கள் விஷமில்லாம இருந்தா அதுவே பறவைக்கும் மீனுக்கும் பாதை. அப்படி மாறுகிற விவசாயிக்கு முதல் சில வருஷ மகசூல் இழப்பை அரசு ஈடுகட்டணும்.

மார்ச் 22 கிராம சபையில் உங்க ஏரியின் வரத்து வாய்க்கால், கலங்கல், உபரி போய்ச்சேரும் இடம் மூன்றையும் பெயர் சொல்லித் தீர்மானம் போடுங்க. கீழே இருக்கிற ஊருக்கும் ஒரு நகல் அனுப்புங்க.