முகவரிக் கணக்கு



வலையமைப்புப் பணியை நாடும் உங்கள் பிள்ளைகள் தேர்வில் பெரிதும் அஞ்சுவது சப்நெட் மாஸ்க் கணக்கிற்கே. கழித்தல் அறிந்தவர் எவரும் இதனைக் கற்கலாம்.

நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரி 32 பிட்டுகள் கொண்டது. அதனை நான்கு எண்களாக எழுதுகிறோம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை அமையும். அதில் தெரு எது, வீடு எது எனப் பிரித்துக் காட்டுவதே மாஸ்க். 1985-ல் வகுக்கப்பட்ட இம்முறை இன்றும் நடைமுறையில் உள்ளது.

192.168.10.70 என்னும் முகவரிக்கு 255.255.255.192 மாஸ்க் எனக் கொள்வோம். 255 உள்ள மூன்று இடங்களையும் அப்படியே விடுங்கள். 256-லிருந்து 192-ஐக் கழித்தால் 64. எனவே தெருக்கள் 0, 64, 128, 192 ஆகிய எண்களில் தொடங்கும். நமது 70, 64 முதல் 127 வரையுள்ள தெருவில் அடங்கும். 64 தெருவின் பெயர். 127 தெருவார் அனைவரையும் ஒருங்கே அழைப்பதற்குரியது. இவ்விரண்டையும் கணினிக்குத் தருதல் கூடாது. எஞ்சிய 65 முதல் 126 வரையுள்ள 62 முகவரிகளே பயன்படும்.

இதே மாஸ்க்குடன் 192.168.10.130 பெற்ற கணினி, அதே மேசையில் இருப்பினும் வேற்றுத் தெருவினதே. இடையில் ரௌட்டர் இன்றி இரண்டும் செய்தி பரிமாற இயலாது. கணினி பழுதெனக் கருதிப் பணம் செலவிடுமுன் இக்கணக்கைச் சரிபாருங்கள்.

இனி உங்கள் முறை. முகவரி 192.168.10.100, மாஸ்க் 255.255.255.224. பயன்படும் எண்கள் 97 முதல் 126 வரை என விடை வந்தால், கணக்கு உங்களுக்குக் கைவந்துவிட்டது!