ஒட்டுங் கலையும் உடுத்துங் கலையும்

புதுமை காணும் ஆற்றல் மேல்நாட்டாருக்கே உரியதென்னும் எண்ணம் நம் மாணாக்கர் பலருடைய உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறது. ஓவியம், நிழற்படம், ஆடையணி என்பவற்றைப்பற்றிப் பேச்செழுந்தால் பாரிஸைச் சுட்டுவர், நியூயார்க்கைச் சுட்டுவர். கெங்கவல்லியைச் சுட்டுவார் ஒருவரும் இலர். இவ்வெண்ணம் தவறென்பது என் துணிபு.

1924-ஆம் ஆண்டில் ஆந்த்ரே பிரெத்தோன் என்பார் பாரிஸில் ஸர்ரியலிஸம் என்னுங் கொள்கையை அறிக்கையாக வெளியிட்டார். கனவிலே பொருள்கள் தத்தம் இடம் பெயர்ந்து கூடுவதுபோலக் கலையிலும் கூடலாம் என்பது அக்கூட்டத்தார் கண்ட வழி. அவருள் ஒருவராகிய மாக்ஸ் எர்ன்ஸ்ட் பழங்கதைநூற் சித்திரங்களைக் கத்தரித்து, ஒன்றன் உடலில் மற்றொன்றன் தலையை ஒட்டி, 1934-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். அதிற் கோட்டணிந்த கனவான்கள் பறவைத் தலையும் சிங்கத் தலையும் தாங்கி உலவுகின்றனர். மான் ரே என்னும் அமெரிக்கர் ஆடைப் பத்திரிகைகளுக்கு எடுத்த நிழற்படங்களிலும் இவ்விந்தையைப் புகுத்தினார். இவற்றைக் கைபேசியிற் கண்டு வியக்கும் நம் இளைஞர், சேலம் ஜில்லாத் தாரமங்கலத்துக் கோயிலில் நிற்கும் யாளியை நிமிர்ந்தும் பாரார்! பல விலங்குகளின் உறுப்புக்களை ஓருடலிற் கூட்டிய சிற்பி எந்த அறிக்கையைப் படித்தான்?

சிற்பியை விடுவோம், நம் பாட்டிமாரைப் பார்ப்போம். 1894-ஆம் ஆண்டில் ராஜா ரவி வர்மா பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவிய பின்னர், அவருடைய தெய்வப் படங்கள் கல்லச்சில் வண்ணம் பெற்று நாடெங்கும் பரவின. தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றில் அப்படங்களை வாங்கியவர் வாங்கியபடியே மாட்டிவிடவில்லை. திருமகளின் புடைவை இருக்குமிடத்தை அளந்து பட்டுத்துண்டு வெட்டி ஒட்டினர். ஓரத்திற் சரிகை வைத்தனர். நகைகளின்மேல் ஜிகினாவும் மணியும் பதித்தனர். முகமும் கைகளும் தாளாகவே நிற்க, உடை மாத்திரம் மெய்யான துணியாயிற்று. பாதி சித்திரம், பாதி பொருள்! கண் எதை நம்புவதென்று தடுமாறும் அந்நிலையையே மேல்நாட்டார் பின்னாளிற் பெரும் பெயரிட்டுக் கொண்டாடினர். இதனைச் செய்த பெண்டிரோ தம்மைக் கலைஞரென்று கூறிக்கொள்ளவுமில்லை, பெயரெழுதி வைக்கவுமில்லை.

அண்மைக் காலத்தும் ரவி வர்மாவைத் தொட்டு இருவகை முயற்சிகள் நிகழ்ந்தன. 2020-ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்றிற்காகச் சென்னை நிழற்படக் கலைஞர் வெங்கட் ராம், திரைப்பட நடிகையரை அவ்வோவியங்களிற் கண்டவாறே உடுத்தி நிறுத்திப் படமெடுத்தார். நாட்காட்டியின் நோக்கம் தருமம். படங்கள் கண்ணுக்கு இனியன. ஆயினும் மூலத்தைப் போன்றிருத்தலே அவற்றின் பெருமை. பெங்களூர்ப் புஷ்பமாலா, கிளேர் ஆர்னி என்பாருடன் 2000 முதல் 2004 வரை செய்த தென்னிந்திய மகளிர் படவரிசையோ வேறு வகையது. புஷ்பமாலா தாமே ரவி வர்மாவின் மங்கையாகவும், அயல்நாட்டார் அளவெடுத்துப் படம்பிடித்த மலைவாழ் மகளாகவும் வேடம் பூணுகிறார். திரைச்சீலையும் வேடமும் அமைந்த விதத்தையும் மறையாது காட்டுகிறார். பெண்ணொருத்தியின் உருவத்தை யார், எதற்காக, எவ்வாறு அமைத்தனர் என்ற வினா அங்கே பிறக்கிறது. முன்னது கைத்திறம், பின்னதையே நான் கற்பனை என்பேன். இக்கருத்தை மறுப்பாரும் உளர். அவர் இவ்விதழிலேயே மறுத்தெழுதுவாராக.

காமெராவும் பட்டாடையும் வாங்கப் பொருளில்லாத மாணாக்கர் என் செய்வர் எனின், கத்தரிக்கோலும் பசையும் போதும். தையற்காரர் ஒதுக்கும் துண்டுத் துணி, சென்ற ஆண்டு நாட்காட்டி, கலியாணப் பத்திரிகை ஆகியவை கெங்கவல்லியில் எவ்வீட்டிற்கும் எட்டாத பொருள்களல்ல. மரவள்ளிக் கிழங்கை மணிமுடியாகவும் பாக்குமட்டையை மேலாடையாகவும் தரித்த அரசியொருத்தியை நம் மாணவி ஒட்டிப் படைப்பாளாயின், அதனைப் பாரிஸிற் படைக்க எவராலும் இயலாது.

இதற்கிடையே பழைய படங்கள் மறைந்து வருகின்றன. வீடு பிரித்துக் கட்டுவோர் அவற்றைப் பரணிலிருந்து இறக்கி விற்றுவிடுகின்றனர். காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் அயலூரார் அவற்றை விலைபேசி வாங்கிச் செல்கின்றனர். நம் கல்லூரி நூலகத்தில் ஒரு சுவர் இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் பரண்களைத் தேடி, படத்தைக் கேட்டுப் பெறுவாராக. கொடுக்க மனமில்லாதாரிடம் நிழற்படமேனும் எடுத்து, துணி ஒட்டியவர் இன்னாரென்று வீட்டார் நினைவிலிருக்கும்போதே அதன்கீழ் எழுதி வருவாராக.