பிரதான வீதியில் நமக்கு எத்தனை அடி?

காத்தான்குடி பிரதான வீதியின் நெரிசலைப் பற்றிப் பேசாதவர் நம்மூரில் இல்லை. கல்யாண வீட்டிலும் அதே பேச்சு, ஓட்டோவில் ஏறினாலும் அதே பேச்சு. பேச்சின் முடிவில் எல்லோரும் சொல்லும் மருந்தும் ஒன்றுதான்: வீதியை இன்னும் அகலமாக்க வேண்டும், இல்லையேல் ஆற்றோரமாக இன்னொரு வீதி போட வேண்டும். கிடைக்கிற அகலம் யாருக்குப் போகும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதை நான் கேட்க விரும்புகிறேன்.

முதலில் இது நம் ஊருக்கு மட்டும் உரிய வீதி அல்ல. கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று 430 கிலோமீற்றர் அளவு ஓடி மட்டக்களப்பில் முடியும் ஏ-4 நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு இது. புகையிரதப் பாதையோ மட்டக்களப்போடு நின்றுவிட்டது. ஆகவே கல்முனை, சம்மாந்துறை மக்கள் மட்டக்களப்புக்கு வந்து புகையிரதம் ஏறுவதென்றாலும் நம் கடைத்தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நாம் ஆறு என்று சொல்லும் வாவி. நடுவிலே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் வீடு, பள்ளிவாசல், பாடசாலை, புடவைக்கடை எல்லாம் நெருங்கி நிற்கின்றன. இங்கே வீதியை எங்கே தள்ளி அகலமாக்குவது?

கல்லடிப் பாலத்தின் கதையையும் பாருங்கள். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பக்க வாகனம் போய் முடியும் வரை மறுபக்கம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் பற்றி என் மூத்தம்மா சொல்லத் தொடங்கினால் இலேசில் நிறுத்தமாட்டார். ஜப்பானின் உதவியோடு 2013 இல் புதிய பாலம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு மண்முனையிலும் பாலம் வந்தது. பாதை எனும் மிதவைப் படகில் வாவியைக் கடந்த படுவான்கரை மக்களுக்கு அது பெரிய விடுதலை. இரண்டு பாலங்களும் வந்தது நல்லதே. ஆனால் பாலத்தை விரைவாகக் கடந்த வாகனமெல்லாம் வந்து நிற்குமிடம் நம் கடைத்தெருதான். காத்திருப்பு இடம் மாறியது, அவ்வளவுதான்.

இப்போது பாடசாலை விடும் நேரத்துக்கு வருவோம். வெள்ளைச் சீருடையும் பர்தாவுமாக நாங்கள் வீதிக்கு இறங்குகிறோம். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. அதன் மேல் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன, கடைக்காரர் தூக்கி வைத்த பொம்மைகள் நிற்கின்றன, ஐஸ்கிறீம் பெட்டி நிற்கிறது. நாங்கள் மட்டும் நிற்க முடியாது. ஆகவே லொறி போகும் தாரில் இறங்கி நடக்கிறோம். வீதியின் நடுவில் நிற்கும் பேரீச்ச மரங்களைப் பற்றி வெளியூரிலிருந்து வருபவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். எனக்கு அந்த மரத்தில் ஒரே ஒரு குறைதான்: அது கார்களுக்கு நடுவில் நிற்கிறது, நடக்கிற எங்களுக்கு நிழல் தருவதில்லை. ஓரத்தில் நாலு வேம்பையும் வாகையையும் சேர்த்து நட்டிருக்கலாம்.

பஸ்ஸின் கதை இதைவிட மோசம். சீசன் டிக்கட் வைத்திருக்கும் மாணவியைக் கண்டால் வேகத்தைக் கூட்டும் பஸ்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். மட்டக்களப்பில் பௌதிகவியல் ரியூஷன் மாலை ஆறு மணிக்கு முடியும். அதற்குப் பிறகு எந்த பஸ் நிற்கும், எது நிற்காது என்று சொல்ல முடியாது. வாப்பாவோ காக்காவோ மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றும் பிள்ளை தொடர்ந்து படிக்கிறாள். என் தோழி ஒருத்திக்கு அப்படி ஆளில்லை. அவள் வகுப்பை நிறுத்திவிட்டாள். காசு இல்லாமல் அல்ல, மஃரிபுக்குப் பிறகு வெளிச்சமில்லாத தரிப்பிடத்தில் மகளைத் தனியே நிற்க வைக்க அவளுடைய உம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்த உம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். வடக்கே போனால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், தெற்கே போனால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். எந்தப் பக்கம் இடம் கிடைத்தாலும் நாளை நாங்கள் நிற்கப் போவது இதே வீதியில்தான். வீதி சரியில்லை என்றால் நெரிசலில் நேரம் போகும் என்று ஆண்கள் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளில் போவது நேரம் மட்டுமல்ல, ஒரு பிள்ளையின் பாடத்துறையே போய்விடுகிறது.

நடைபாதையை விட்டுக்கொடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். நோன்பின் கடைசிப் பத்தில் நம் புடவைக்கடைகளில் இரவிரவாக நடக்கும் வியாபாரத்தை நினைத்தால் அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அந்த இரவுகளில் கடைகளை நிரப்புகிறவர்கள் நடந்து வரும் பெண்களும் பிள்ளைகளும் தானே? சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரும் நம் கடைத்தெருவைப் போல புடவைக்குப் பேர்போன இடம். வாகனம் நிறுத்திய இடத்தை எடுத்து 2019 இல் அங்கே அகன்ற நடைபாதை அமைத்தார்கள். அதே தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. நாங்கள் இலவசம் கேட்கவில்லை. காசு கொடுத்து ஏற, நிற்கிற பஸ் ஒன்று கேட்கிறோம். மாணவர்களுக்கென அரசாங்க மானியத்தோடு ஓடும் 'சிசு செரிய' சேவை நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஒரு பஸ் மாலையில் மட்டக்களப்பிலிருந்து ஆரையம்பதி வரை ஓடினால் போதும், மேலே சொன்ன உம்மாவின் முடிவு மாறும்.

ஆற்றோர வீதிக்கு நான் உடன்பாடில்லை. மார்கழி மழையில் ஊருக்குள் தேங்கும் தண்ணீர் வாவிக்குத்தான் போக வேண்டும். கரையை நிரப்பி வீதி போட்டால் அந்தத் தண்ணீர் நம் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும். கண்டல் அழிந்தால் இறால் குஞ்சுக்கும் இடமில்லை.

சிக்கல் என்னவென்றால், வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். ஒழுங்கைகளும் குப்பையும் நகர சபைக்கு. தனியார் பஸ்ஸின் அனுமதிப் பத்திரம் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடம், சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம். நடந்து போகும் பிள்ளை யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்கள். பெற்றோர் சங்கமும் பள்ளிவாசல் சம்மேளனமும் சேர்ந்து இந்த நால்வரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கலாம். பெரிய திட்டம் எதுவும் கேட்க வேண்டாம். பாடசாலை வாசல்களில் விளக்கோடு கூடிய பாதசாரிக் கடவை, நடைபாதையில் வாகனம் நிறுத்தத் தடை, கூரையும் வெளிச்சமும் உள்ள இரண்டு பஸ் தரிப்பிடம், மாலையில் அந்த ஒரு பஸ். அந்த மேசையில் மாணவிகள் இருவருக்கும் கதிரை போடுங்கள்.

அளவு நாடாவோடு வரும் பொறியியலாளர்கள் வழக்கமாகக் காலையில் வெயில் ஏறுமுன் வந்து போவார்கள். அடுத்த தடவை அவர்களைப் பாடசாலை விடும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்.