இரவு யாருக்குரியது?

“விளக்கு வைத்த பின் வெளியே என்ன வேலை?” என்பது நம் வீடுகளில் வழிவழியாகக் கேட்கப்படும் கேள்வி. இரவு என்றால் திருடனும் குடிகாரனும் திரியும் பொழுது என்ற எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. ஆனால் நம் முன்னோர் யாவரும் அவ்வாறு கருதினாரல்லர். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், பகலிற் கூடும் நாளங்காடியோடு இரவிற் கூடும் அல்லங்காடியையும் நமக்குக் காட்டுகிறார். யாமம் யாமமாக அந்நகரத்து இரவைப் பின்தொடர்ந்து செல்கிறார். ஆகவே, இரவில் விழித்திருக்கும் நகரம் மேனாட்டார் கொண்டுவந்த புதுமை அன்று.

கொழும்பு மாநகருக்கும் ஓர் இரவு உண்டு. உண்மையைச் சொன்னால் ஒன்றன்று, பல உண்டு.

முதலாவது, பணம் படைத்தோரின் இரவு. 1864இல் திறக்கப்பட்ட காலிமுக ஹோட்டலும், துறைமுகத்துக்கு எதிரே 1875இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலும் கப்பற் பிரயாணிகளை எதிர்பார்த்து நடத்தப்பட்டவை. காலப்போக்கில் நகரவாசிகளும் அங்கே விருந்துண்ணவும் நடனமாடவும் செல்லலாயினர். 1960களில் காலிமுக ஹோட்டலின் ‘கோக்கனட் குரோவ்’ என்னும் களியாட்ட விடுதியில் ஜெட்லைனர்ஸ் குழுவினர் வாத்தியம் இசைத்தனர். அந்நாளைய இளைஞர் இன்று முதியவராகிவிட்ட போதிலும், அப்பெயரைக் கேட்டால் அவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றுவதை நாம் கண்டிருக்கிறோம். கோட்டையில் ஒல்லாந்தர் கட்டிய பழைய ஆஸ்பத்திரி, 2011இல் கடைகளும் உணவுச்சாலைகளும் நிறைந்த இடமாக மாறிற்று. நோயாளர் முனகிய தடித்த சுவர்களுக்கிடையே இப்போது சிரிப்பொலி கேட்கிறது.

இரண்டாவது, சம்பளக்காரரின் இரவு. இதற்குக் கழுத்துப்பட்டி தேவையில்லை. காலி வீதியின் ஓரத்தில், சூடேறிய இரும்புத் தட்டின்மேல் இரண்டு தகடுகள் தாளமிடும் ஓசை தூரத்திலேயே கேட்கும். ரொட்டியும் முட்டையும் மரக்கறியும் இறைச்சியும் கொத்துண்டு கலக்க, பசித்தவர் வாங்கில் அமர்ந்து காத்திருப்பர். கொத்துரொட்டியும் ஒரு பிளேன்ரீயும் முடிந்தால் அவர்களுடைய இராக்களியாட்டம் இனிதே நிறைவேறிவிடும். இன்னும் சிலர் தவறணைப் பக்கம் ஒதுங்குவதும் உண்டு. அதைப்பற்றிப் பின்னர் பேசுவோம்.

மூன்றாவது இரவைப் பலர் காண்பதில்லை. பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர், வாத்தியக்காரர், காவற்காரர், முச்சக்கரவண்டிச் சாரதி ஆகியோரின் இரவு அது. பிறர் களித்து எழுந்து சென்ற மேசையைத் துடைத்துவிட்டு, முதல் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்கள் அவர்கள். ஒரு நகரத்தின் இரவு இத்தகையோரின் முதுகிலேதான் தங்கியிருக்கிறது.

இந்த மூன்று இரவுகளும் ஒரே வேளையில் அணைந்துபோன காலங்கள் உண்டு. அச்சம் புகும்போது ஒரு நகரம் முதலில் இழப்பது தன் இரவையே. 1958ஆம் ஆண்டின் வன்செயலின்போது ஊரடங்குச் சட்டம் வந்தது. 1983 ஜூலையில் மீண்டும் வந்தது. அதன்பின் யுத்தம் 2009இல் முடியும்வரை, கொழும்பில் வாழ்ந்த தமிழர் இரவில் வெளியே புறப்படுமுன் பணப்பையைத் தேடினாரோ இல்லையோ, அடையாள அட்டையைத் தேடினர். சோதனைச் சாவடியில் இறங்கி நின்று, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்ற வினாக்களுக்கு விடை கூறிவிட்டு விருந்துக்குப் போவதில் என்ன சுவை இருக்கும்? 2007 ஜூன் 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் சில நூற்றுவர் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களோடு பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தபோது நகரம் மறுபடியும் இருண்டது. 2020இல் கொள்ளைநோயும் 2022இல் மின்வெட்டும் அவ்விருளைத் தொடர்ந்தன.

இவற்றையெல்லாம் கண்டவர்களுக்கு, நண்பரோடு நள்ளிரவில் வீதியோரம் நின்று தேநீர் அருந்துவது அற்பமான இன்பமாகத் தோன்றாது. சமாதானம் என்ற பெரிய சொல்லின் பொருள் சில வேளைகளில் அந்தச் சிறிய கிளாசுக்குள் அடங்கிவிடுகிறது.

எனினும், ஓர் ஊரடங்கு மட்டும் இன்னும் முற்றாக நீங்கவில்லை. அது பெண்களுக்கு வீடும் வீதியும் சேர்ந்து விதிக்கும் ஊரடங்கு. மகன் பதினொரு மணிக்கு வந்தால் “சாப்பிட்டாயா?” என்று கேட்கும் தாய், மகள் எட்டு மணிக்கு வந்தால் “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்கிறாள். அத்தாயை நாம் குறை கூறமாட்டோம். மகளிடத்து அவளுக்கு ஐயமில்லை, வீதியிடத்துத்தான் அச்சம்.

அரசாங்கமும் இதில் பங்கெடுத்தது. பெண்களுக்கு மது விற்கலாகாது என்னும் விதி 1955ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் வந்தது. 2018 ஜனவரியில் அதனை நீக்கி நிதியமைச்சர் மங்கள சமரவீர கட்டளை பிறப்பித்தார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அக்கட்டளையை மீளப்பெறச் செய்தார். பெண்கள் சிலர் உயர் நீதிமன்றத்தை நாடினர்.

பெண்கள் மது அருந்த வேண்டும் என்று நாம் வாதாடுகிறோம் என யாரும் நினைத்துவிட வேண்டாம். வள்ளுவர் கள்ளுண்ணாமையைக் கூற ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்று அங்கே அவர் பிரித்தாரல்லர். அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டிலோ, தமக்குக் கள்ளை அன்போடு அளித்த அவனது நட்பு நினைவுகூரப்படுகிறது. நம் இலக்கியம் இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றிருக்கிறது.

நாம் கேட்பது வேறு. சம்பளநாளன்று தவறணையில் பாதிப் பணத்தைத் தொலைத்துவிட்டு வரும் கணவனால் துன்புறும் மனைவிக்கு, அவளுக்கே போத்தல் விற்கலாகாது என்ற விதி என்ன நன்மை செய்தது? குடியினால் விளையும் கேட்டில் பெரும்பங்கைச் சுமப்பவள் அவள். ஆனால் தடையும் அவளுக்கே! குடியைக் குறைப்பது நோக்கமாயின், 2006ஆம் ஆண்டின் சட்டம் செய்ததுபோல, 21 வயது நிரம்பாதோர் எவருக்கும் மது விற்கலாகாது என்பதும், மதுவுக்கு விளம்பரம் கூடாது என்பதும் நேரான வழிகள். குடித்தவர் வாகனம் ஓட்டாமற் பார்த்துக்கொள்வது அதனினும் நேரான வழி. அதற்கு வர்த்தமானியும் வேண்டியதில்லை. மேசையிலிருக்கும் ஒரு நண்பர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாற் போதும்.

காலிமுகத்திடலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1859இல் அந்த உலாவீதியை நிறைவு செய்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்காக அதனைத் தமக்குப் பின் வருவோரின் பொறுப்பில் விட்டுச் செல்வதாக அதில் பொறித்திருக்கிறார். அவர் மனத்திலிருந்த சீமாட்டிகள் வேறு. நாம் கருதும் பெண்கள் வேறு. ஆனால் கல்லில் எழுதிய சொல் யாவருக்கும் பொதுவானதே.

ஆகவே, நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சம்பளநாள் வரும்போது வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். கடற்காற்று வாங்குங்கள், இறால் வடை வாங்குங்கள், வசதியிருந்தால் ஒரு நல்ல உணவுச்சாலையில் அமருங்கள். பரிமாறியவருக்கு அவர் மனங்குளிர ஏதேனும் கொடுங்கள். வீடு திரும்பும் நேரத்தை அன்று ஒரு நாளாவது இல்லத்தரசியே தீர்மானிக்கட்டும். நாளாந்தம் சமைத்துக் களைத்த அவர், நீங்கள் எண்ணியதிலும் நெடுநேரம் அங்கே இருக்க விரும்பக்கூடும்.