நாகம்மாள் கேட்ட பங்கு

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலில், கணவனை இழந்தவள் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. 1942இல் வெளிவந்த அதனை நாம் இன்றும் சிலாகிக்கிறோம். அதே கேள்வி நம் வீட்டுத் திண்ணையில் எழுந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

ஆற்காடு–ஆரணி சாலையிலுள்ள நம் திமிரிப் பக்கத்திலும் இதே மௌனம்தான். தகப்பனார் இருக்கையில் பாகம் பற்றிப் பேசுவது அபசகுனம். பேசும் மகன் பேராசைக்காரன். மகள் பேசினால் பிறந்தவீட்டு உறவே அறுந்தது. கருமாதி முடிந்த பின்னரோ, விடுதலைப் பத்திரத்தில் அவளுடைய கையெழுத்து மட்டும் உடனே தேவைப்படுகிறது.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989ஆம் ஆண்டுத் தமிழகத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது. ஏற்கெனவே மணமானவர்களை விலக்கியது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அத்திருத்தத்தின்போது தந்தை உயிருடன் இருந்திருக்கத் தேவையில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டம் பேசிவிட்டது, குடும்பம்தான் பேசவில்லை.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர். அதையும் நான்காக வகுத்தால் கிணறு யாருக்கு, வண்டிப்பாதை யாருக்கு? தோல் தொழிற்சாலைக்குப் போய்விட்ட மகன் உழவுக்குத் திரும்புவானா? உழுகிறவர் மற்றவர்களுக்குக் குத்தகை அளப்பாரா? இவற்றுக்குப் பத்திர எழுத்தரிடம் விடையில்லை, பெரியவரிடம் உண்டு.

“எனக்கு எவ்வளவு?” என்று தொடங்க வேண்டாம். “இந்த நிலத்தை என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்போம். கேட்கும்போது மகள்களும் உடனிருக்கட்டும். நாகம்மாளுக்குக் கிடைக்காதது நிலம் மட்டுமன்று, அமர்ந்து பேச ஓர் இடமும்தான்.